எங்கள் பிக்கப் வண்டியும் எரியாத விளக்கும்

இந்த மாதச் சுவரிதழில் அறிவியல் பகுதிக்கு 'ஒலி' பாடத்தைப் பற்றி எழுதச் சொல்லி டீச்சர் சொன்னார்கள். பாடத்தில் இருப்பதையே திரும்ப எழுதினால் நீங்கள் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் எங்கள் அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில் நாங்கள் செய்த வேலையை எழுதுகிறேன். இதில் ஒலியும் இருக்கிறது, மின்சாரமும் இருக்கிறது.

வண்டி 2008-ஆம் வருட மாடல், டீசல். அப்பா செகண்ட் ஹேண்டாக வாங்கினார். கடன் இன்னும் 14 தவணை பாக்கி. விடியற்காலை 3 மணிக்கு முருங்கைக்காய், தக்காளி ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். லீவு நாளில் நானும் கூடப் போவேன். உள்ளே உட்கார்ந்தால் ஒரே இரைச்சல். பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

வீட்டிலும் அப்பா கத்தித்தான் பேசுவார். டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். "உங்கப்பாவுக்குக் காது மந்தமாயிருச்சு, ஒத்துக்க மாட்டேங்கறாரு" என்று அம்மா அடிக்கடி சொல்வார். 85 டெசிபல் அளவுள்ள சத்தத்தைத் தினமும் 8 மணி நேரம் கேட்டால் நாளடைவில் காது கெடும் என்று வகுப்பில் டீச்சர் சொன்னபோது எனக்கு வண்டி ஞாபகம்தான் வந்தது.

டீச்சரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, அவர்களுடைய போனில் ஒலி அளக்கும் ஆப் போட்டு, வண்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் 88 காட்டியது. போன் காட்டும் எண் மிகச் சரியாக இருக்காது. ஆனால் அதே போனை, அதே ரோட்டில், அதே வேகத்தில், அதே இடத்தில் வைத்து அளந்தால் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும் என்றார்கள்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலில் எதையும் ஒட்டவோ அடைக்கவோ கூடாது. கண்டுபிடிக்க வேண்டும். அப்பா வண்டியை ஓட்ட, நான் ஒவ்வொரு இடமாகக் கையால் அழுத்திக்கொண்டே வந்தேன். அழுத்தும்போது எந்தச் சத்தம் நிற்கிறதோ, அந்த இடம்தான் காரணம். நாங்கள் கண்டுபிடித்தவை:

1. 'கடகட' சத்தம்: சீட்டுக்கு அடியில் ஜாக்கியும் ஸ்பேனர்களும் தகரத்தில் மோதிக்கொண்டு கிடந்தன. சாக்கில் சுற்றிக் கட்டினோம்.

2. 'கிரீச் கிரீச்' சத்தம்: டேஷ்போர்டில் 3 ஸ்க்ரூ இல்லை. போட்டோம். தகரமும் பிளாஸ்டிக்கும் உரசும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வைத்தோம்.

3. 'உஸ்' என்ற காற்றுச் சத்தம்: கதவு ரப்பர் பீடிங் தேய்ந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டுப் பேப்பரைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சந்து இருக்கிறது. புது பீடிங் வாங்கிப் போட்டோம்.

4. இன்ஜினின் 'திடுதிடு' சத்தம்: காலுக்கு முன்னால் இருக்கும் தகரத்தில் ஒயர் போகும் ஓட்டைகளில் 2 திறந்து கிடந்தன. ஓட்டை சின்னதாக இருந்தாலும் சத்தம் நிறைய வரும். ரப்பர் மூடி போட்டு அடைத்தோம்.

5. தரைத் தகரத்தின் அதிர்வு: தட்டினால் தாம்பாளம் மாதிரி ஒலித்தது. அதில் தார் கலந்த கனமான ஷீட்டை ஒட்டி, மேலே கம்பளி மாதிரியான ஃபெல்ட்டும் ரப்பர் மேட்டும் போட்டோம். இப்போது தட்டினால் 'தொப்' என்கிறது.

பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதில் 3 விஷயம் இருக்கிறது. கனமான பொருள் ஒலியைத் தடுக்கிறது. பஞ்சு போன்ற பொருள் ஒலியை உறிஞ்சுகிறது. தாரும் ரப்பரும் தகரத்தின் அதிர்வையே குறைக்கின்றன. அதிர்வு இல்லாமல் ஒலி இல்லை. (புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மட்டும் சாக்கு, பஞ்சு, தெர்மாக்கோல் எதுவும் வைக்கக் கூடாது. தீப்பிடித்துவிடும்.)

மறுபடி அளந்தபோது 81 காட்டியது. 7 டெசிபல்தானே குறைந்தது என்று நினைக்காதீர்கள். 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும். 7 குறைந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். நம் காதுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் காதுக்குள் போகும் ஆற்றல் குறைந்தது உண்மை.

மறைக்கக் கூடாத சத்தங்கள்

சில சத்தங்கள் வண்டி நம்மிடம் சொல்லும் செய்தி. அவற்றை மேட் போட்டு மூடக் கூடாது. வேகம் கூடக் கூட 'ஊ' என்று ஏறினால் சக்கர பேரிங் போயிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு உரசினால் பிரேக் பேடோ லைனரோ தேய்ந்துவிட்டது. வண்டிக்கு அடியில் 'புஸ் புஸ்' என்று வந்தால் புகைக்குழாயில் ஓட்டை. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. உள்ளே வந்தால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து.

எங்களுக்கும் அப்படி ஒரு சத்தம் காத்திருந்தது. வேலை முடிந்து ஓட்டிப் பார்த்த அன்று, இத்தனை நாளும் கடகடப்பில் மறைந்திருந்த ஒரு மெல்லிய 'டிக் டிக் டிக்' எனக்குக் கேட்டது.

"அப்பா, இன்ஜின்ல டிக் டிக்னு கேக்குதே?"

"ஒண்ணும் கேக்கலையே பாப்பா. இப்பத்தான் வண்டி பூப்போல போகுது."

உண்மையிலேயே அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விளக்கு பார்க்கும் முறை

டேஷ்போர்டு டப்பாவில் வண்டியின் புத்தகம் இருந்தது. இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும் என்று அதில் இருந்தது. பல்பு நன்றாக இருக்கிறதா என்று நாம் தெரிந்துகொள்ள அதுதான் வழி. ஸ்டார்ட் ஆனதும் அவை அணைய வேண்டும். ஹேண்ட் பிரேக் விளக்கு மட்டும் பிரேக்கை விடுவித்ததும் அணையும்.

அப்பாவைச் சாவி திருப்பச் சொல்லி எண்ணினேன். பேட்டரி விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக் விளக்கு எரிந்தது. சுருள் கம்பி மாதிரி இருக்கும் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. ஆயில் விளக்கு எரியவே இல்லை.

"அது நான் வாங்குன நாள்ல இருந்தே எரிஞ்சதில்ல. ஆயில் பிரச்னையே இல்லாத வண்டி" என்றார் அப்பா பெருமையாக.

அன்று சாயங்காலமே மெக்கானிக் மாமாவிடம் போனோம். டிப்ஸ்டிக் என்கிற அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை. ஆயில் ஃபில்டர் அடியில் கசிந்து மண் அப்பியிருந்தது. மீட்டரைக் கழற்றினால், ஆயில் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் பல்பே இல்லை! முன்னால் வைத்திருந்த யாரோ பல்பை உருவிவிட்டிருக்கிறார்கள். புதுப் பல்பு போட்டு ஸ்டார்ட் செய்ததும் சிவப்பாக மினுக்கியது. மாமா உடனே இன்ஜினை அணைத்தார்.

ஃபில்டர், ஆயில் இரண்டும் மாற்றி, கேஜ் வைத்து ஆயில் அழுத்தத்தைப் பார்த்தார். சரியாக இருந்தது. விளக்கு அணைந்தது, டிக் டிக்கும் நின்றது. மொத்தம் 3,600 ரூபாய் ஆனது. "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா இன்ஜின் பிடிச்சிருக்கும்ணே. அம்பதாயிரத்துக்குக் கொறஞ்சு வேலை முடியாது" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை.

எந்த விளக்கு, என்ன சொல்கிறது?

சிவப்பு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்து. மஞ்சள் எரிந்தால் சீக்கிரம் காட்டு. இதுதான் பொது விதி.

ஆயில் (எண்ணெய்க் கெண்டி படம்): இன்ஜினில் ஆயில் அழுத்தம் குறைந்தால் ஒரு சுவிட்ச் மூடி மின்சுற்று முழுமையாகும், விளக்கு எரியும். உடனே இன்ஜினை அணைக்க வேண்டும். முதலில் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். ஆயில் சரியாக இருந்தும் எரிந்தால் மெக்கானிக் வரும்வரை ஓட்டக் கூடாது.

பேட்டரி படம்: பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. மல்டிமீட்டரில் பார்த்தால், இன்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் பெல்ட்டைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அறுந்தால் இன்ஜினும் சூடாகிவிடும்.

வெப்பமானி படம்: இன்ஜின் சூடு ஏறிவிட்டது. நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: ஹேண்ட் பிரேக் போட்டிருக்கலாம். அதை விடுவித்தும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது. ஊற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. கசிகிறதா, பேடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்ஜின் படம் (மஞ்சள்): கம்ப்யூட்டர் உள்ள வண்டிகளில் மட்டும் இருக்கும். ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் கோளாறின் எண் வரும். அந்த எண் எங்கே தேட வேண்டும் என்று சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்பதை நாம்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முடிவாக

எரியாத விளக்கைப் பார்த்து நாங்கள் இத்தனை நாள் நல்ல வண்டி என்று நம்பியிருந்தோம். அது நல்ல வண்டி என்று சொல்லவில்லை, எதுவுமே சொல்லவில்லை. அப்பாவும் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த டிக் டிக் தனக்குக் கேட்கவில்லை என்பதை அவரே மெக்கானிக் மாமாவிடம் சொன்னார். அடுத்த வாரம் அம்மா கூப்பிட்டதும் மறுக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போனார். மெல்லிய, கீச்சுக்குரல் போன்ற ஒலிகள் அவருக்குக் குறைவாகக் கேட்கின்றன என்று சோதித்துச் சொன்னார்கள். காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைக்காது. இனிமேல் போகாமல் காக்கலாம். பல்பு மாதிரி மாற்ற முடியாது.

உங்கள் வீட்டில் வண்டி இருந்தால் நாளைக்குக் காலையில் சாவி திருப்பும்போது விளக்குகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் யாராவது கத்திப் பேசினால் கோபப்படாமல், அவர்களுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரு வண்டியில் வளைவில் திரும்பும்போது மட்டும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஏன்? விடையை எழுதி சுவரிதழ்ப் பெட்டியில் போடவும். சரியான விடை அடுத்த மாதம்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி