பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா? கவனியுங்கள்!



பிள்ளைக் காம்பராவில் மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒருதரம் எட்டிப் பாருங்கள். அநேகமான பிள்ளைகள் உதட்டை மூடிச் சத்தமில்லாமல் தூங்குவார்கள். ஓரிரு பிள்ளைகள் மட்டும் வாயைத் திறந்து குறட்டை விடும். "விளையாடின களைப்பு, அசந்து தூங்குது" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம்.

தடிமன் பிடித்த நாலு நாளைக்கு அப்படி இருந்தால் பயமில்லை. மாதக்கணக்காக இருந்தால் அதைக் களைப்பு என்று விடக்கூடாது. பிள்ளையின் மூச்சுக்கும் தாடைக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பாடத்தில் சொல்லப் போகிறோம்.

வாயின் கூரைதான் மூக்கின் தரை

உங்கள் நாக்கால் மேல் அண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். அதுதான் வாய்க்குக் கூரை. அதற்கு மேலேதான் மூக்கு இருக்கிறது. அதனால் அண்ணம் ஒடுங்கினால் மூக்கின் வழியும் ஒடுங்கும்.

உதட்டை மூடி மூக்கால் மூச்சு விடும் பிள்ளையின் நாக்கு மேல் அண்ணத்தில் படிந்திருக்கும். அது அண்ணத்தை உள்ளிருந்து தாங்கி அகலமாக வளர உதவுகிறது. வாயால் மூச்சு விடும் பிள்ளையின் நாக்கு கீழே இறங்கிவிடும். அப்போது கன்னங்கள் இரண்டு பக்கமும் அழுத்தும். உள்ளே தாங்க ஆளில்லை. அண்ணம் ஒடுங்கி உயர்ந்துபோகும். பல் முளைக்க இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சில பிள்ளைகளுக்கு முகம் நீண்டு கீழ்த்தாடை பின்வாங்கும்.

டென்மார்க் வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் 1868 இலேயே மூக்கின் பின்னால் வளரும் அடினொயிட் என்ற சதையைப் பற்றி எழுதினார். 1981 இல் அமெரிக்காவில் எகில் ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர், மூக்கை அடைத்து வளர்த்த குரங்குக் குட்டிகளின் தாடையும் பல்வரிசையும் மாறிப்போனதை எழுதி வெளியிட்டார். ஆனாலும் கோணல் பல் எல்லாமே மூச்சால் வருவதில்லை. பரம்பரையும் ஒரு காரணம்.

மூக்கு ஏன் அடைபடுகிறது?

அடினொயிட் அல்லது டொன்சில் வீங்கியிருக்கலாம். தூசியும் விறகுப் புகையும் ஒத்துக்கொள்ளாமல் மூக்கின் உட்பக்கம் தடித்திருக்கலாம். லயத்துக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது புகை முழுவதும் பிள்ளையின் மூக்கில்தான் போகும். சமைக்கும்போது கதவைத் திறந்துவைத்துப் பிள்ளையை வெளிப்பக்கம் விடுங்கள். விரல் சூப்பும் பழக்கம் நாலைந்து வயது தாண்டியும் நீடித்தால் மேல் வரிசைப் பல் முன்னுக்குத் தள்ளும்.

தாய்ப்பாலும் தாடைக்கு நல்லது. மார்பில் பால் குடிக்கும் பிள்ளையின் நாக்குக்கும் தாடைக்கும் நல்ல வேலை கிடைக்கிறது. வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பால் கொடுக்க இடைநேரம் தரவேண்டும் என்று இலங்கைச் சட்டமே சொல்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுப்பது உங்கள் உரிமை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்

1. தடிமன் இல்லாத நாளில் பிள்ளையின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடியுங்கள். வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு துவாரத்தாலும் கண்ணாடியில் ஆவி படிய வேண்டும்.
2. வாரத்தில் பல நாள் குறட்டை விடுகிறதா? நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறி எழும்புகிறதா?
3. காலையில் வாய் காய்ந்திருக்கிறதா? வயது வந்தும் படுக்கையில் சிறுநீர் போகிறதா?
4. பாடசாலையில் தூங்கி விழுகிறதா?

இரண்டாவது கேள்விக்கு "மூச்சு நிக்குது" என்று பதில் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். இரவெல்லாம் மூச்சுக்குப் போராடிய பிள்ளை பகலில் பாடத்தில் மனம் வைக்க முடியாது. அதைச் சோம்பேறி என்று அடிப்பது பாவம்.

என்ன வைத்தியம்?

முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருக்கக் கம்பி மட்டும் போட்டால் முழுப் பலன் வராது. காது, மூக்கு, தொண்டை வைத்தியர் மருந்து தருவார். தேவைப்பட்டால் அடினொயிட்டை அகற்றுவார். அதன்பிறகு பல் சீராக்கும் வைத்தியர் தாடையைப் பார்ப்பார்.

மேல் அண்ணம் இரண்டு பாதியாக இருந்து நடுவில் ஒரு தையல்போலச் சேர்ந்திருக்கிறது. சிறு வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. நடுவில் சின்னத் திருகாணி வைத்த கருவியை மேல் பல்லில் பொருத்துவார்கள். வைத்தியர் சொன்ன கணக்கில் தாயே சின்னச் சாவியால் திருகலாம். ஒரு திருகுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் அகலும். அண்ணம் அகலும்போது மூக்கின் தரையும் அகலும். கீழ்த்தாடை பின்வாங்கியிருந்தால் அதை முன்னுக்குக் கொண்டுவரும் கருவியும் உண்டு. அது பிள்ளை வேகமாக வளரும் பருவத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

வயது போனபிறகும் பல்லை நேராக்கலாம். ஆனால் தையல் இறுகிவிட்டால் தாடையை அகலமாக்க ஆப்பரேஷன்கூட வேண்டிவரும். அதனால்தான் 7 வயதுக்குள் ஒருதரம் காட்டச் சொல்கிறார்கள்.

எங்கே போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியிலோ பாடசாலைப் பல் கிளினிக்கிலோ காட்டிக் கடிதம் வாங்குங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஜப்பானின் உதவியுடன் கட்டி 1998 இல் திறந்தது. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் பல்கலைக்கழகத்துக்குள்ளாகத்தான் போகிறது. மூக்குக்கும் தொண்டைக்கும் கண்டி தேசிய வைத்தியசாலையில் காட்டலாம். பேர் பதிந்து காத்திருக்க வேண்டிவரலாம். ஆகவே நேரத்தோடு பதியுங்கள்.

செய்யக்கூடாதவை

பிள்ளையின் வாயை பிளாஸ்டர் ஒட்டி மூடாதீர்கள். அது ஆபத்து. ஆடாத பால்பல்லைப் பிடுங்காதீர்கள். பின்னால் வரும் பல்லுக்கு அதுதான் இடம் பிடித்து வைத்திருக்கிறது. சூப்பிப் போத்தலில் இனிப்புத் தேத்தண்ணி ஊற்றிப் பிள்ளையைத் தூங்கவைக்காதீர்கள்.

"ஒருநாள் கிளினிக் போனா ஒரு பேர் போகுமே" என்று நீங்கள் சொல்வது எங்களுக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் உண்மைதான். ஆனால் போன பேரை அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் தாடை வளரும் காலம் திரும்பி வராது. இன்று இரவு லாம்பை அணைக்க முன் பிள்ளையின் முகத்தை ஒருதரம் பாருங்கள். உதடு மூடியிருந்தால் சந்தோஷம். திறந்திருந்தால் நாளைக்கே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.