ரோஜா வாசனைத் தைலம்: தோட்டத்திலிருந்து புட்டி வரை

(அங்கத்தினர் கல்விப் பகுதி)

பெண்மணிகளுக்கென்று விற்கப்படும் வாசனைப் புட்டிகளுள், ரோஜாவின் மணமும் பழத்தின் மணமும் ஒருங்கே கமழும் வகைக்கு உலகெங்கும் நல்ல கிராக்கி உண்டு. விலையோ, ஒரு நெசவாளியின் பல நாள் கூலிக்குச் சமமாக இருக்கும். பூப் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் அப்புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், "இதில் என்னைப் போன்ற விவசாயிக்குச் சேர்ந்த பங்கு எவ்வளவு?" என்று கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். நெசவாளி அங்கத்தினர்கள், 'இது நமக்கன்று' எனத் தள்ளிவிட வேண்டா. எடையும் தரமும் நாணயமும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானவை.

1. புட்டியில் இருப்பது என்ன?

புட்டியிலுள்ள திரவத்தில் பெரும்பகுதி மதுசாரமே. இலேசான வகைகளில் வாசனைப் பொருள் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரையில் இருக்கும். செறிவான வகைகளில் அதற்கு மேலும் இருப்பதுண்டு. பூசியவுடன் முதலில் எழுவது எளிதில் ஆவியாகும் பழ மணம். அது சிறிது நேரத்தில் தணிந்து, ரோஜா முதலிய மலர்களின் மணம் மேலோங்கும். கடைசியாக, கஸ்தூரி, மரம் போன்ற கனமான மணங்கள் பல மணி நேரம் தங்கி நிற்கும்.

இதில் பழ மணம் பெரும்பாலும் பழத்திலிருந்து வருவதன்று. பீச், பேரிக்காய் போன்ற பழங்களை வாலையிலிட்டுக் காய்ச்சினால் வாசனைத் தொழிலுக்கு உதவும் தைலம் கிடைப்பதில்லை. ஆதலால் இரசாயனச் சாலையில் ஆக்கிய பொருள்களே பயன்படுகின்றன. பீச் மணம் தரும் பொருள் ஒன்று 'ஆல்டிஹைடு சி-14' என்ற பெயரில் வியாபாரத்தில் வழங்குகிறது. உண்மையில் அது ஆல்டிஹைடே அன்று, லாக்டோன் என்னும் வேறு இனம். பிரான்சு தேசத்துக் கெர்லென் நிறுவனம் 1919-இல் வெளியிட்ட 'மிட்சுகோ'வில் அது இடம் பெற்றுப் புகழடைந்தது. 1990-இல் சோபியா குரோய்ஸ்மன் என்ற பெண்மணி லான்கோம் நிறுவனத்துக்காக அமைத்த 'திரேசோர்', ரோஜாவையும் பீச்சையும் இணைத்த வகைக்குப் பெயர் பெற்ற உதாரணம்.

2. பூவிலிருந்து தைலம்

வாசனைத் தொழிலுக்குரிய ரோஜா, மாலைக்கும் பூங்கொத்துக்கும் பயிரிடப்படும் பெரிய பூ அன்று. டமாஸ்க் ரோஜா என்னும் இனம். பல்கேரியாவின் கசான்லிக் பள்ளத்தாக்கும், துருக்கியின் தென்மேற்கிலுள்ள இஸ்பார்ட்டா வட்டாரமும் இதற்குப் பேர்போனவை. அங்கு மே, ஜூன் மாதங்களில் சில வாரங்களே பூக்கும். விடியற்காலையிலேயே பறித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பூவிலுள்ள தைலம் குறைந்துவிடும். பறித்த பூவை அன்றைக்கே வாலையில் ஏற்றியாக வேண்டும்.

ஒரு கிலோ தைலத்துக்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும். எண்ணிக்கையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பூக்கள்! வடிந்த நீரிலும் தைலம் கரைந்து நிற்பதால், அந்நீரையும் மறுபடி காய்ச்சித் தைலத்தைப் பிரிக்கின்றனர், மிஞ்சுவதே பன்னீர்.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மில்லி லிட்டர் புட்டியில் வாசனைப் பொருள் நூற்றுக்கு 15 பங்கு எனக் கொண்டால், 7½ மில்லி லிட்டர் ஆகிறது. அதில் அசல் ரோஜாத் தைலம் நூற்றில் ஒரு பங்கு என வைத்துக்கொண்டால், இரண்டு துளிக்கும் குறைவு. அத்துளிகளுக்கு வேண்டிய பூ சுமார் கால் கிலோ. அதாவது ஏறக்குறைய 100 பூக்கள். புட்டியின் விலைக்குப் பக்கத்தில் இக்கால் கிலோ பூவின் விலையை நிறுத்திப் பார்த்தால், நம் அங்கத்தினர் கேட்ட கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

3. ரோஜாவிலேயே ஒளிந்திருக்கும் பழம்

ரோஜாத் தைலத்தில் சிட்ரோனெல்லால், ஜெரானியால் முதலிய பொருள்கள் மிகுதி. ஆயினும் அவற்றை மட்டும் அளந்து கலந்தால் அசல் ரோஜா மணம் வருவதில்லை. காரணம் என்ன? பல்கேரிய ரோஜாத் தைலத்தில் 'டமாஸ்கினோன்' என்னும் பொருளைக் கண்டறிந்த செய்தியை ஆய்வாளர்கள் 1970-இல் வெளியிட்டனர். தைலத்தில் அதன் அளவு ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவே. ஆயினும், மணத்தில் அதன் பங்கு மிகப் பெரிது. அதன் மணமோ, வேகவைத்த ஆப்பிளையும் பிளம் பழத்தையும் நினைவூட்டுவது! ஆகவே பழ மணம் ரோஜாவுக்கு அயலானதன்று. கெர்லென் நிறுவனத்தின் 'நாஹேமா' (1979), இவ்வினப் பொருள்களைக் கொண்டு ரோஜாவையும் பழத்தையும் பிணைத்துக் காட்டியது.

ஆயிரத்தில் இரண்டு பங்கு முழுத் தைலத்தின் தன்மையையே மாற்றவல்லது என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும். இனி வரும் பகுதிகளுக்கு இது அவசியம்.

4. கலப்படம் என்னும் நோய்

விலை உயர்ந்த பொருளுக்குக் கலப்படம் நிழல் போன்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டின் ரோஷாப்புல் தைலம் பம்பாய்த் துறைமுகம் வழியே கான்ஸ்டான்டிநோபிளுக்குச் சென்றது. அங்கு 'துருக்கி ஜெரேனியம் தைலம்' என்ற பெயரில் ரோஜாத் தைலத்தோடு கலக்கப்பட்டது. அப்புல்லிலும் ஜெரானியால் மிகுதியாக இருப்பதால் மூக்குக்கு எளிதில் பிடிபடவில்லை. அசல் தைலம் குளிரில் உறையும். அதைக்கொண்டு வியாபாரிகள் சோதித்தனர். உடனே கலப்படக்காரர் திமிங்கில மெழுகைச் சேர்த்து உறையச் செய்தனர்! இன்று நுண்கருவிகளால் தைலத்தின் கூறுகளைப் பிரித்து அளக்கிறார்கள். சர்வதேசத் தர நிர்ணயமும் உண்டு. ஆயினும் எந்தக் கருவியும், முதலில் பூவை நிறுக்கும் தராசுக்கு ஈடாகாது.

5. இஸ்பார்ட்டா விவசாயிகள் செய்தது

1888-இல் முப்துஸாதே இஸ்மாயில் எபெந்தி என்பவர் இஸ்பார்ட்டாவில் ரோஜாப் பயிரைத் தொடங்கினார். 1892-இல் அங்கு தைலம் வடிக்கப்பட்டது. பயிர் பரவிற்று. ஆனால் பூ விவசாயியின் பலவீனம் ஒன்று எங்கும் உண்டு: பறித்த பூ மறுநாளைக்குக் காத்திராது, வாங்குபவர் காத்திருக்கலாம். பேரம் எப்பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ?

1954-இல் அவ்வட்டார விவசாயிகளின் விற்பனைக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 'குல்பிர்லிக்' என்ற சம்மேளனத்தை நிறுவின. 'குல்' என்றால் ரோஜா. 'பிர்லிக்' என்றால் ஒன்றியம். அது தன் சொந்த வடிசாலைகளை அமைத்தது. பின்னர் பன்னீர், சோப்பு, முகப்பூச்சு முதலியவற்றையும் தயாரித்து விற்கலாயிற்று. இதன் பொருளாதாரத் தத்துவம் எளிது. பூவின் ஆயுள் ஒரு பகல். நன்கு மூடிக் குளிர்ந்த இடத்தில் வைத்த தைலத்தின் ஆயுள் ஆண்டுக் கணக்கு. வாலை விவசாயிகளின் சங்கத்துக்குச் சொந்தமானால், காத்திருக்கும் வலிமையும் அவர்களுக்கே சொந்தமாகிறது.

இதைப் படித்ததும், நம் பூச்சங்கங்கள் எல்லாம் வாலை வாங்க முனைய வேண்டும் என்று நாம் கூறவில்லை. நம் சந்தைக்கு வரும் அழகு ரோஜாவில் தைலம் மிகவும் சொற்பம். வடிக்கும் செலவுகூடக் கட்டாது. நம் மல்லிகைக்கோ கொதிநீராவி ஆகாது. அதைக் கரைப்பான் கொண்டு எடுக்கும் தொழில் தமிழ்நாட்டில் நடந்துவருகிறது, அச்சாறு அயல்நாட்டு வாசனைத் தொழிலுக்கும் போகிறது. எந்தப் பூ, எந்த முறை, யார் வாங்குவர் என்று தெரியாமல் இயந்திரம் வாங்கிய சங்கம், கடனையே வடித்தெடுக்கும்.

6. நம் தராசு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலர் உற்பத்தியாளர் சங்கத்தில் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். சங்கத்தில் நிறுத்த எடைக்கும் வாங்குபவர் இடத்தில் நிறுத்த எடைக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. "மழைக்காலம், ஈரப் பூ" என்று காரியதரிசி சொன்னார். நாமும் அதையே குறிப்பில் எழுதிவிட்டு வந்தோம். மறுமுறை சென்றது கோடையில், வித்தியாசம் குறையவில்லை. அங்கத்தினருள் சிலர் கூடையில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தனர். எடைக் குறைவோ எல்லா அங்கத்தினர் கணக்கிலும் சமமாகப் பற்று எழுதப்பட்டிருந்தது.

அன்று உலர்ந்த பூவைக் கொண்டுவந்திருந்த ஒரு மூதாட்டி நம்மிடம், "ஐயா, தண்ணீர் தெளிக்காமல் கொண்டுவந்தது என் குற்றமா?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. முதல் தணிக்கையிலேயே கூடையைக் கவிழ்த்துப் பார்த்திருந்தால், ஒரு பருவம் முழுவதும் அந்த அம்மாள் பிறருடைய தண்ணீருக்கு விலை கொடுத்திருக்க மாட்டார். இது நம் குறை, அதை மறைப்பதற்கில்லை.

பிறகு அச்சங்கத்தில் மூன்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. முதலாவது, பூவைத் தட்டியில் பரப்பி நீர் வடியவிட்ட பின்னரே நிறுப்பது. இரண்டாவது, ஒவ்வொருவர் எடையையும் தரத்தையும் அன்றன்றே பலகையில் எழுதுவது. மூன்றாவது, பூ வந்தவுடன் முன்பணமும், பருவ முடிவில் தரத்தை ஒட்டி மீதியும் கொடுப்பது. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. மூன்று அங்கத்தினர் விலகியும் போயினர். அடுத்த பருவத்தில் எடை வித்தியாசம் பெரிதும் குறைந்தது. அம்மூதாட்டியின் பெயரில் பற்றுக்குப் பதில் வரவு எழுதப்பட்டது.

தைலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மணத்தை ஆக்குவதுபோல், சங்கத்தில் சிலருடைய செய்கை அனைவருடைய பெயரையும் ஆக்கவோ அழிக்கவோ செய்யும். வாங்குபவர் நம் கூடையைத் திறந்து பாராமலே எடுத்துச் செல்லும் நாள் வருமானால், அதுவே நம் சங்கத்துக்குக் கிடைக்கும் உயர்ந்த விலை.

அங்கத்தினர் வகுப்பில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. பூவை உடனே விற்பதற்கும் தைலமாக்கி விற்பதற்கும் பேரவலிமையில் உள்ள வேற்றுமை யாது?
2. வாலை வாங்குமுன் ஒரு சங்கம் விசாரித்து அறிய வேண்டிய விவரங்கள் எவை?
3. எடைக் குறைவை எல்லார் கணக்கிலும் சமமாகப் பற்று எழுதுவது நியாயமா? வேறு வழி என்ன?
4. நெசவாளர் சங்கத்தில், ஈரப் பூவுக்கு ஒப்பான குறை எது? அதைப் பிடிக்கும் தராசு எது?