மார்கழி இரவும் உருளைக்கிழங்கின் வயதும்

கோத்தகிரி,
புரட்டாசி

அன்புள்ள மருமகள் கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆவணித் தபசு நல்லபடியாக முடிந்ததையும், கிணற்றடியில் பத்து சென்ட் நிலத்தை அப்பா உனக்கென்றே விட்டுக்கொடுத்ததையும் படித்ததில் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம். கரிவலம்வந்தநல்லூரில் பருத்தி பார்த்திருக்கிறோம், மக்காச்சோளம் பார்த்திருக்கிறோம், உள்ளி பார்த்திருக்கிறோம். உருளைக்கிழங்கு போடப்போகிறேன் என்று கிளம்பியது நீதான். “அது எத்தனை நாள் பயிர் மாமா? ஒருத்தர் எழுபது நாள் என்கிறார், ஒருத்தர் நாலு மாசம் என்கிறார், யார் சொல்வது சரி?” என்று கேட்டிருக்கிறாய். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேரம் எடுத்துப் படி.

நெல்லில் காருக்கு ஒரு வயது, பிசானத்துக்கு ஒரு வயது என்று தாத்தா சொல்லக் கேட்டிருப்பாய். உருளைக்கிழங்கிலும் அப்படித்தான், ரகத்துக்கு ரகம் வயது வேறு. நம் நாட்டு ரகங்கள் பெரும்பாலானவற்றின் பெயரும் ‘குஃப்ரி’ என்றுதான் தொடங்கும். குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மலையூர். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949இல் பாட்னாவில் தொடங்கி, 1956இல் சிம்லாவுக்குப் போனது. சமவெளியில் குளிர்காலத்துக் குறும்பகலில் இந்தச் செடி சரியாகப் பூக்காது. பூ இல்லாமல் கலப்பினம் உண்டாக்க முடியாது. குஃப்ரியில் கோடைகாலத்து நெடும்பகலில் நன்றாகப் பூக்கும். அதனால் ரகங்களை அங்கே கலப்புச் செய்தார்கள், ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

1968இல் வெளிவந்த குஃப்ரி சந்திரமுகி குறுகிய வயது ரகம். வடநாட்டுச் சமவெளியில் 70, 80 நாளில் தோண்டிவிடலாம். 1998இல் வந்த குஃப்ரி புக்ராஜும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். பஞ்சாபில் நெல் அறுத்த கையோடு செப்டம்பர் கடைசியில் இதை நட்டு, 60, 70 நாளிலேயே இளங்கிழங்காகத் தோண்டி விற்றுவிட்டு, அதே வயலில் அடுத்த பயிருக்கு இடம் விடுகிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் சந்தையில் புதுக்கிழங்குக்கு விலை இருக்கும், எடை குறைந்தாலும் கட்டுப்படியாகும். சந்திரமுகி வந்த அதே ஆண்டில் வந்த குஃப்ரி ஜோதிக்கு நடுத்தர வயது, சமவெளியில் 90 முதல் 100 நாள். சிவப்புத் தோல் கொண்ட குஃப்ரி சிந்தூரி 1967இல் வந்தது. அது நிதானமாக வளர்வது, 110, 120 நாள் கேட்கும். ஆனால் அதை வெக்கையிலும் மற்றவற்றைவிடக் கூடுதல் நாள் வைத்திருக்கலாம். பீகார், வங்காளத்துக்காரர்களுக்கு அதன்மேல் பிரியம் அதிகம்.

இந்த எண்களை எழுதிக்கொள், ஆனால் இதோடு நின்றுவிடாதே. இவை எல்லாமே வடநாட்டுச் சமவெளியின் எண்கள். நான் இருக்கிற இந்த மலையில் அதே குஃப்ரி ஜோதி 120 நாள் வரை எடுத்துக்கொள்கிறது. மண் குளிர்ந்து கிடப்பதால் முளை வெளியே தலைகாட்டவே மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகும் மேகமும் மூடுபனியுமாக வெயில் குறைவு, வளர்ச்சியும் மெதுவாகத்தான் போகும். ரகம் ஒன்றுதான், இடம் மாறியதும் வயது மாறிவிட்டது. விதைக்கிழங்கு மூட்டையில் நாள் எண்ணிக்கை போட்டிருந்தால், எந்த ஊருக்குப் போட்ட எண்ணிக்கை என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

இனி, செடிக்குள் என்ன நடக்கிறது என்று பார். உருளைக்கிழங்கு வேர் இல்லை, தண்டு என்று பாடத்தில் படித்திருப்பாய். நட்டு ஒரு மாதம் போனதும் ஒரு செடியின் ஓரத்தை விரலால் மெள்ளக் கிளறு. வெள்ளைத் தண்டுகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடியிருக்கும். நுனி கொக்கிபோல் வளைந்து, அந்த வளைவுக்குப் பின்னால் பட்டாணி அளவு ஒரு புடைப்பு இருந்தால் கிழங்கு பிடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படிப் புடைக்கச் சொல்லும் கட்டளை வேரிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து வருகிறது. இரவு எவ்வளவு நீளம் என்று அளப்பது இலைதான். இரவு போதுமான அளவு நீண்டால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியாகக் கீழே இறங்கும். மற்றச் செடிகளைப் பூக்கச் சொல்கிற புரதத்துக்கு இது நெருங்கிய சொந்தம். பூக்கும் நிலையில் உள்ள புகையிலைத் தண்டை உருளைச் செடியின்மேல் ஒட்டுவைத்து, அந்த இலைகள் அனுப்பிய சேதியாலேயே கீழே கிழங்கு பிடிக்கச் செய்திருக்கிறார்கள் ரஷ்ய ஆய்வாளர்கள்.

சில ரகம் சீக்கிரமும் சில ரகம் தாமதமாகவும் முதிர்வதற்குப் பெரும் காரணமாக ஒரு மரபணுவை 2013இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அந்த மரபணு ஒரு வடிவத்தில் இருந்தால் செடி நீண்ட இரவுக்குக் காத்திருக்கும். மாறுபட்ட வடிவத்தில் இருந்தால் காத்திருக்காமல் கிழங்கு பிடித்துவிடும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், வருடம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இடத்தில் பிறந்த பயிர் இது. ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனபோது அங்கே கோடைப்பகல் 16 மணி நேரம். செடி இலையாகவே வளர்ந்து, இலையுதிர்காலத்தில் இரவு நீண்ட பிறகுதான் கிழங்கு வைத்தது. நெடும்பகலிலும் கிழங்கு வைக்கிறவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். இன்று இங்கிலாந்தின் தோட்டக்காரர் பத்துப் பன்னிரண்டு வாரத்து ரகம், அதற்கடுத்தது, இருபது வாரம் வரை போகும் பெரும்பயிர் ரகம் என்று வகை பிரித்து நடுகிறார் என்றால், அந்தப் பொறுக்கலின் பலன்தான் அது.

இப்போது நம்மூருக்கு வருவோம். கரிவலத்துக்கும் ஊட்டிக்கும் பகல் நீளத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. இரண்டு இடத்திலும் வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் பகல். அந்த வகையில் ஆண்டிஸில் பிறந்த செடிக்கு நம்மூர் அந்நியமே இல்லை. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழங்கு நன்றாகப் பிடிக்க இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இலை அந்தப் புரதத்தைப் போதிய அளவு உருவாக்காது. செடி மேலே பச்சைப்பசேலென்று உயர்ந்து நிற்கும், கீழே தோண்டினால் ஒன்றும் இருக்காது. இலையைக் காட்டி ஏமாற்றும் பயிர் என்று இங்கே உள்ள பெரியவர்கள் சொல்வார்கள்.

நம்மூரில் மார்கழியிலும் தையிலும் விடியற்காலம்கூட 20 டிகிரியை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோதான் நிற்கும். ஆகவே ரகத்துக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதைப் பிறகு கேள். நம்மிடம் எத்தனை குளிர்ந்த இரவு இருக்கிறது என்பதை முதலில் எண்ணு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடக்கூடாது, விதைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் நட்டால் மார்கழி, தை முழுக்க உனக்கு. மாசி பாதியில் வெக்கை ஏறத் தொடங்கிவிடும். கூட்டிப்பார், 75 நாள், மிஞ்சினால் 80. சிந்தூரியை நட்டால் கிழங்கு பருக்கும் நேரத்தில் பங்குனி வந்துவிடும். ஜோதியும் நம் கணக்குக்குள் அடங்காது.

நமக்குத் தோதானது குஃப்ரி சூர்யா. 2006இல் வந்த ரகம், வெப்பம் தாங்குவதற்கென்றே உருவாக்கியது, 75 முதல் 90 நாள். இதன் ஒரு பெற்றோர் தக்காணப் பீடபூமிக்காக 1972இல் வெளியிட்ட குஃப்ரி லவ்கர். இன்னொன்று பெரு நாட்டின் லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்திலிருந்து வந்த வகை. சூர்யா கிடைக்காவிட்டால் லவ்கரை விசாரி. அதற்காகப் பெரிய மகசூலை எதிர்பார்க்காதே, தாயி. செடிக்கு நாலைந்து சிறிய கிழங்கு வந்தாலே நம்மூருக்கு அது நல்ல விளைச்சல். அப்பாவிடமும் இதைச் சொல்லிவிடு. பத்து சென்ட் படிப்பதற்குப் போதும், ஏக்கர் கணக்கில் இறங்கக் கூடாது. கரிசல் துண்டை விட்டுவிட்டு, தண்ணீர் வடியும் செவல் துண்டிலேயே போடு.

கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய், ஊட்டிக் கிழங்கில் ஒரு சாக்கு விதைக்கு அனுப்பச் சொல்லி. அனுப்ப மாட்டேன். 1961இல் இந்த மலை மண்ணில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரியவந்தது. வேரைத் தாக்குகிற புழு அது. பெண்புழு செத்த பிறகும் அதன் உடம்பே கூடாக இறுகி, நூற்றுக்கணக்கான முட்டைகளோடு மண்ணுக்குள் பல வருடம் கிடக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும் அது வேறு ஊருக்குப் போக. அதனால்தான் நீலகிரிக் கிழங்கை விதைக்காக வெளியே கொண்டுபோகச் சட்டத்தில் தடை இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் கோதுமைக்காகப் பேர் வாங்கியது உனக்குத் தெரியும். அதற்கு முன்பே 1949, 50 வாக்கில் வாகெனிங்கனில் அவர் ஆராய்ந்தது உருளைக்கிழங்கில் இந்தப் புழுவுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக்குவதைத்தான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ஆராய்ச்சி நிலையமும் இந்தப் புழுவோடு பல காலமாகப் போராடி வருகிறது. புழுவைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா 1985இல் அப்படி வந்ததுதான். நீ வடக்கிலிருந்து வரும் சான்று பெற்ற விதையையே வாங்கு. வேளாண்மை அலுவலகத்தில் இப்போதே சொல்லி வை.

விதை வந்ததும் உடனே நட்டுவிடாதே. தோண்டிய கிழங்கு இரண்டு மாதத்துக்கு மேல் உறங்கும், அதுவரை தானாக முளைக்காது. உறக்கம் கலைந்த கிழங்கை நிழலில், மங்கிய வெளிச்சத்தில், ஒரே அடுக்காகப் பரப்பி வை. இருட்டில் வைத்தால் முளை வெளுத்து நீண்டு, கை பட்டதும் ஒடிந்துவிடும். வெளிச்சம் பட்டால் பச்சையாக, குட்டையாக, தடித்து நிற்கும். அப்படி முளை கட்டி நட்டால் வயலில் பத்து நாளாவது மிச்சம். உன்னிடம் இருப்பதோ 75 நாள்தான், அதில் பத்து நாள் சின்ன விஷயம் இல்லை. அதற்காக நெடுநாள் கிடந்து சுருங்கிய விதையை வாங்காதே. கிழவிதை சீக்கிரம் முதிரும், ஆனால் செடி சிறுத்துப் போகும்.

ஒரு மாதத்தில் மண் அணைத்துவிடு. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும், அதில் நஞ்சு ஏறும், சாப்பிடக்கூடாது. பின்பருவ இலைக்கருகல் என்கிற நோயைப் பற்றிப் பயப்படாதே. 1845இல் தொடங்கி அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளியது அதுதான். இங்கே தென்மேற்குப் பருவ மூடுபனியில் எங்களைப் படாதபாடு படுத்துவதும் அதுதான். அதற்குக் குளிரும் ஈரமும் சேர்ந்து வேண்டும், நம்மூர்த் தைமாதத்தில் அது அதிகம் வராது.

முதிர்ந்துவிட்டதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் முக்கியம். அடியிலை மஞ்சளாகும், பிறகு செடி முழுக்க வெளுத்துத் தானாகச் சாயும். 65ஆம் நாள் வாக்கில் ஒரு செடியைத் தோண்டிப் பார். கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய். தோல் சுருண்டு உரிந்தால் இளசு. அதை அன்றே குழம்பில் போடலாம், வைத்திருக்க முடியாது. இளங்கிழங்கில் நீர் அதிகம், சர்க்கரையும் அதிகம், வறுத்தால் கறுத்துப்போகும். சிப்ஸுக்கென்றே வந்த குஃப்ரி சிப்சோனாவை நூறு நாளுக்கு மேல் வயலில் விடுவது அதனால்தான். தேய்த்தும் தோல் உரியாவிட்டால் முதிர்ந்துவிட்டது. உன் பயிரில் 75ஆம் நாள் ஆகியும் செடி பச்சையாகவே நின்றால் காத்திருக்காதே, அதற்குப் பிறகு வெக்கைதான் ஏறும். தண்ணீரை நிறுத்து, தரையோடு தரையாகச் செடியை அறுத்துவிடு, கிழங்கைப் பத்து, பதினைந்து நாள் மண்ணுக்குள்ளேயே விடு. அந்த நாட்களில் தோல் இறுகும். பிறகு காலை வெயில் ஏறுமுன் தோண்டி, நிழலில் உலர்த்து.

ஒரு நோட்டு போட்டுக்கொள். நட்ட தேதி, முளை வெளிவந்த தேதி, கொக்கி வளைவைப் பார்த்த தேதி, அடியிலை பழுத்த தேதி. பள்ளியில் வெப்பமானி இருந்தால் கேட்டு வாங்கித் தினமும் விடியற்காலை வெப்பத்தையும் குறித்து வை. அந்த நோட்டில் வரும் எண்தான் கரிவலத்தில் சூர்யாவின் வயது. அடுத்த வருடம் நம்மூரில் யார் கேட்டாலும் நீ அதைச் சொல்லலாம்.

தோண்டியதில் விதைக்கென்று எதையும் எடுத்து வைக்காதே. மாசியில் எடுத்த கிழங்கு அடுத்த கார்த்திகை வரை நம்மூர் வெக்கையில் தாங்காது. 2 முதல் 4 டிகிரி குளிர்கிடங்கு வேண்டும், அது அருகில் இருந்தாலும் அசுவினி பரப்பிய வைரஸ் கிழங்குக்குள் இருக்கும், அடுத்த பயிர் குன்றிவிடும். எல்லாவற்றையும் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிடு.

அம்மாவையும் அப்பாவையும் விசாரித்ததாகச் சொல். விதை எப்போது கிடைக்கும் என்று தெரிந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா