பழகிப்போன இரைச்சல்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள விசைத்தறியாளர்களிடம் செவித்திறன் பற்றி வினவினால், “சத்தம் பழகிப்போச்சு” என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கிறது. மதுரை–தென்காசி சாலையோரம் குடியிருப்போரும் அவ்வாறே கூறுவர். உண்மையில் எது பழகியது என்பதை இவ்விதழில் காண்போம்.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருளினுள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. 85 டெசிபெல் இரைச்சலை நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பொதுவான அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 91 டெசிபெல்லில் 2 மணி நேரமே. தறிக்கூடத்து இரைச்சலோ 90 டெசிபெல்லை எளிதில் கடப்பது; அதில் ஒரு ஷிப்டு முழுவதும் நிற்கின்றனர். மடிந்த மயிரணு மீண்டும் முளைப்பதில்லை. எனவே, தறியோசை முன்போல் உறைக்கவில்லை எனில், செவி பழகிவிட்டது என்று மகிழாமல், மங்கத் தொடங்கியதோ என்று ஐயுறுதல் வேண்டும்.

முதலில் மறைவன உயர் சுருதி ஒலிகள். குழந்தையின் மழலையும் ‘ச’, ‘த’ போன்ற மெய்யொலிகளும் தெளிவிழக்கும். பேச்சு கேட்கும், பொருள் விளங்காது. வீட்டார் இதனை அசட்டை எனக் கடிந்துகொள்வதை அடிக்கடி காண்கிறோம், அது நியாயமன்று.

சாலையோர வீடுகளில் துன்பம் வேறு வகையினது. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. நள்ளிரவில் பேருந்தின் ஏர் ஹாரன் ஒலிக்கையில், உறங்குபவர் விழிக்காவிடினும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றே உயர்கின்றன. மனம் பழகிவிடும், இரத்தக் குழாய்கள் அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல்லையே வரம்பாக வைத்துள்ளன. இரத்த அழுத்தத்திற்கு மருந்து உண்போர், தம் உறக்கம் எத்தகையது என்பதையும் மருத்துவரிடம் கூறுக. படுக்கையைச் சாலைப் பக்கத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றுவதும் ஒரு சிகிச்சையே.

தறியில் நிற்போர் வெறும் பஞ்சை நம்ப வேண்டா. நுரை அடைப்பானோ காதுக் கவசமோ அணிக. ஆண்டிற்கொரு முறை செவித்திறன் பரிசோதனையும் செய்துகொள்க.

அதே விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். கான்சாபுரம் முதலிய ஊர்களிலிருந்து நோயாளரை அவசரமாக அழைத்து வருவோர் வாயிலில் ஹாரன் ஒலிக்கத் தேவையில்லை. கையசைத்தால் போதும், காவலர் கதவைத் திறப்பார்.