இழந்த முகவரிகளை மீட்டல்

நுழையும்முன்

விளைச்சலில் ஒரு பங்கை விதைக்கென ஒதுக்குவது தமிழர் உழவுமரபு. கணினியில் சேர்த்துவைக்கும் செய்திகளுக்கும் அத்தகைய ஒதுக்கீடு தேவைப்படுகிறது. பழுதுபட்ட கணினியைச் சீர்செய்தபின் காணாமற்போகும் மின்னஞ்சல் முகவரிகளை மீட்கும் வழிகளையும், இனி இழவாமல் காக்கும் முறைகளையும் இப்பாடம் விளக்குகிறது.

மலைச்சிற்றூரில் ஒரு கணினி

பழனிமலைத் தொடரில், கொடைக்கானலை அடுத்துள்ள சிற்றூர் வில்பட்டி. மலைச்சரிவுகளில் படிப்படியாக அமைந்த வயல்களில் காய்கறிகளும் பூண்டும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. பூண்டு பயிரிடும் உழவர், விளைந்தது அனைத்தையும் சந்தைக்கு அனுப்பிவிடுவதில்லை. திரட்சியானவற்றைத் தேர்ந்து விதைக்கென எடுத்து வைப்பர். விதைப்பூண்டு இல்லையேல் அடுத்த பருவம் இல்லை என்பதை அவர்கள் அறிவர்.

இவ்வூரில் உழவர் குழு ஒன்று கணினி வைத்திருப்பதாகக் கொள்வோம். பூண்டு வாங்கும் வெளியூர் வணிகர், உரம் வழங்குவோர், வேளாண் அலுவலர் எனப் பலருடைய மின்னஞ்சல் முகவரிகள் பல்லாண்டுகளாக அதில் சேர்ந்துள்ளன. அறுவடைக்குச் சில நாள்களே இருக்கும்போது கணினி பழுதாகிறது. இயங்குதளம் புதிதாக நிறுவப்படுகிறது. கணினி முன்னிலும் விரைவாக இயங்குகிறது. பழைய அஞ்சல்களும் வந்துவிடுகின்றன. முகவரிப் பட்டியல் மட்டும் வெறுமையாக இருக்கிறது. பூண்டு காய்ந்து நிற்கிறது. வாங்குவோரை அழைக்க வழியில்லை. கருவி மீண்டது, உறவு மீளவில்லை.

அஞ்சல் வந்தது, முகவரி வராதது ஏன்?

அஞ்சல்களும் முகவரிகளும் ஒரே திரையில் தோன்றினாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 'ஐமேப்' என்னும் முறையில் அஞ்சல்கள் நிறுவனத்தின் சேவையகத்தில் தங்கியிருக்கும். கணினியில் தெரிவது அவற்றின் நகலே. எனவே கடவுச்சொல்லை இட்டவுடன் அவை மீண்டும் வந்துசேரும். 'பாப்' என்னும் பழைய முறையிலோ அஞ்சல்கள் கணினிக்கு இறக்கப்பட்டபின் சேவையகத்திலிருந்து நீக்கப்படுவதுண்டு. முகவரிப் பட்டியல் இவ்விரு முறைகளிலும் அடங்காது. அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்கள் அதனைக் கணினியின் வன்தட்டிலேயே தனிக்கோப்பாக வைத்திருக்கக்கூடும். வன்தட்டைத் துடைத்து இயங்குதளத்தை நிறுவும்போது அக்கோப்பும் துடைக்கப்படுகிறது.

'மீட்டமைத்தல்' என்னும் சொல் ஒரே செயலைக் குறிப்பதன்று. கணினியின் அமைப்புகளை முந்தைய நாளின் நிலைக்குக் கொண்டுசெல்வது ஒருவகை. இதில் பயனரின் கோப்புகள் பொதுவாக அழிவதில்லை. கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதுப்பிப்பது இன்னொரு வகை. வன்தட்டை முழுமையாக வெறுமையாக்கி நிறுவுவது மூன்றாம் வகை. நடந்தது எவ்வகை என்பதை முதலில் கேட்டறிந்தால், எங்கே தேடுவது என்பது தெளிவாகும்.

கை வைக்காமையே முதற்பணி

அழிக்கப்பட்ட கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. 'இவ்விடம் காலியாக உள்ளது' என்று வன்தட்டு குறித்துக்கொள்கிறது. வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை பழைய எழுத்து அடியில் இருக்கும். ஆகவே இழப்பை உணர்ந்தவுடன் அக்கணினியில் புதிய மென்பொருள்களை நிறுவுதல், படங்களைச் சேமித்தல் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். மீட்பு மென்பொருளையும் வேறொரு தட்டிலிருந்தே இயக்குதல் நன்று. திடநிலைச் சேமிப்பகம் உள்ள கணினிகளில் அழிந்த இடம் விரைவில் தூய்மையாக்கப்பட்டுவிடும். அங்கு இவ்வழி பெரும்பாலும் பயன்தராது.

தேடும் இடங்கள்

தட்டை வெறுமையாக்காமல் விண்டோஸ் மீள நிறுவப்பட்டிருந்தால், பழைய அமைப்பு 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறையில் சில நாள் காத்திருக்கும். புதிய பதிப்புக்கு மாறியபின் பொதுவாக 10 நாள்களில் அது தானே நீங்கிவிடும். அதனுள் பயனர் பெயரிலுள்ள மறைகோப்புறைகளில் அஞ்சல் மென்பொருளின் பழைய கோப்புகளைத் தேடலாம். அவுட்லுக் பயன்படுத்தியோர் 'பி.எஸ்.டி.' என முடியும் கோப்பைத் தேட வேண்டும். அஞ்சல்களோடு முகவரிகளும் அதில் அடங்கியிருக்கும். தண்டர்பேர்டு பயன்படுத்தியோர் அதன் பயனர் விவரக் கோப்புறையை முழுமையாக எடுத்துவைக்க வேண்டும்.

முகவரிகள் சேவையகத்தில் இருந்திருந்தால் பணி எளிது. கூகுள் தொடர்புகள் பட்டியலைக் கடந்த 30 நாள்களுள் ஏதேனும் ஒரு நிலைக்குத் திருப்பும் வசதி உண்டு. கைப்பேசியிலும் ஒரு நகல் இருக்கலாம். ஆனால் கைப்பேசியும் கணினியும் ஒத்திசையும்போது சேர்ப்பது மட்டுமன்றி, நீக்குவதும் மறுபக்கம் செல்லும். எனவே கைப்பேசியிலுள்ள பட்டியலைத் தனிக்கோப்பாக எடுத்துவைத்த பின்னரே ஒத்திசைவைத் தொடங்க வேண்டும்.

மேற்கோளால் மீண்டவை

கோப்பு எங்குமே கிடைக்கவில்லையெனில் என்செய்வது? தமிழ் இலக்கிய வரலாறு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதி முழுமையாகக் கிடைக்கவில்லை. 72 பாடல்களே இன்று உள்ளன. அவையும் உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்டிருந்தமையால் பிழைத்தவை. முத்தொள்ளாயிரமும் முழு நூலாகக் கிட்டவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலிலிருந்து 108 செய்யுள்கள் எடுத்துப் பதிப்பிக்கப்பட்டன. மூலம் மறைந்தபோதும், அதனைப் பயன்படுத்தியோர் எழுதிவைத்தவற்றில் அதன் பகுதிகள் வாழ்ந்தன.

மின்னஞ்சலிலும் அவ்வாறே. அனுப்பிய ஒவ்வோர் அஞ்சலின் தலைப்பகுதியிலும் பெறுநர் முகவரி பதிந்துள்ளது. வந்த ஒவ்வோர் அஞ்சலிலும் விடுநர் முகவரி உள்ளது. 'அனுப்பியவை' கோப்புறையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொகுத்தால் பட்டியலின் பெரும்பகுதி உருப்பெறும். சில அஞ்சல் மென்பொருள்கள் இம்முகவரிகளைத் தாமே திரட்டவும் வல்லவை. விடுபட்டவற்றை நண்பர்களிடம் கேட்டுப் பெறலாம். பலருக்கு ஒரே அஞ்சலை அனுப்பும்போது அவர்கள் முகவரிகளை மறைநகல் கட்டத்தில் இடுதல் வேண்டும். ஒருவர் முகவரியை மற்றவர்க்கு வெளியிடாமை நாகரிகம்.

பெயர்கள் சிதைந்தால்

மீண்ட பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ தோன்றுவதுண்டு. பழைய எழுத்துருக் குறியீட்டில் எழுதியதைப் புதிய குறியீட்டில் படிப்பதே இதற்குக் காரணம். முன்னாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியீடு கொண்டிருந்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. புரியாத பெயர்களை அழித்துவிடாமல் குறியீடு மாற்றும் மென்பொருளால் திருப்பிப் பார்க்க வேண்டும். சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8' எனத் தேர்ந்தால் இத்தொல்லை நேராது.

இனி இழவாமை

காப்புநகல் எடுப்போர் கைக்கொள்ளும் எளிய நெறி '3-2-1' எனப்படும். மூன்று நகல்கள், இரு வேறு வகைச் சேமிப்பகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது இதன் பொருள். முகவரிப் பட்டியலை மாதம் ஒருமுறை 'விகார்டு' அல்லது 'சி.எஸ்.வி.' கோப்பாக எடுத்து விரலியில் ஒன்றும் இணையச் சேமிப்பகத்தில் ஒன்றும் வைத்தால் போதும். எடுத்த நகலை ஒருமுறை திறந்து பார்ப்பதும் இன்றியமையாதது. முளைக்காத விதையைச் சேமித்துப் பயனில்லை.

வில்பட்டிக்கு அருகிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் கதிரவன் ஒளிப்படமாகப் பதிவுசெய்யப்பட்டு வருகிறது. அக்காலப் பதிவுகள் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் இருந்தன. ஒரு தகடு உடைந்தால் அந்நாளின் கதிரவனை மீண்டும் படமெடுக்க இயலாது. இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்ணிம வடிவில் நகலெடுத்ததால், இன்று உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

கதிரவனின் படமாயினும் வணிகரின் முகவரியாயினும் ஓரிடத்தில் மட்டும் இருப்பது எந்நேரமும் இழக்கத்தக்கதே. உழவர் விதைப்பூண்டை எடுத்துவைப்பது பஞ்சம் வந்தபின் அன்று; விளைச்சல் மிகுந்த நாளில்தான். கணினி நன்றாக இயங்கும் நாளே நகலெடுக்க ஏற்ற நாள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுக் கைப்பேசியிலுள்ள தொடர்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பதைக் கண்டறிந்து வகுப்பில் கூறுக.
2. மேற்கோள்களின் வாயிலாக மீட்கப்பட்ட தமிழ் நூல்கள் குறித்துச் செய்தி திரட்டுக.
3. 'ஒத்திசைவும் காப்புநகலும் ஒன்றல்ல' என்னும் கருத்தைச் சான்றுடன் நிறுவுக.