உறையில் முகவரி அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், கோவண்டியில் சிறு தையற்கூடம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் திரும்பி வந்த அஞ்சல் உறையுடன் எங்கள் கிளைக்கு வந்தார். திருப்பூரில் தமக்குத் துணி அனுப்பும் வணிகருக்கு அவர் விடுத்த காசோலை அதனுள் இருந்தது. முகவரியை வீட்டு அச்சுப்பொறியில் அச்சிட்டிருந்தார். நீளமான வரிகளின் பிற்பகுதி உறையின் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. தெருப்பெயர் பாதியில் நின்றது. அஞ்சல் குறியீட்டு எண்ணில் 641 மட்டுமே எஞ்சியிருந்தது.

1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தைச் சேர்ப்பிக்கும் அஞ்சலகத்தையும் குறிக்கும். கோயம்புத்தூர், திருப்பூர் இரண்டுக்கும் தொடக்கம் 641 தான். ஆகவே அந்த உறை எந்த அஞ்சலகத்திற்குரியது என்பது விளங்கவில்லை.

போய்த் திரும்பியதில் ஏழு வாரங்கள் கழிந்தன. 2012 ஏப்ரல் 1 முதல் காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதங்களுக்கே செல்லும். பணம் கிடைக்காத வணிகரோ அடுத்த சரக்கை நிறுத்தி வைத்திருந்தார். அன்றே நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பவும் பழைய காசோலையை நீக்கவும் ஏற்பாடு செய்தோம். பின்னர் அவர் கொண்டுவந்திருந்த வெற்றுறைகளை எடுத்து, பிழை எங்கே நேர்ந்தது என்று பார்த்தோம்.

அளவே முதற்காரணம்

நம் கடைகளில் உறைகள் அங்குலக் கணக்கில் விற்கப்படுகின்றன. அவரிடம் இருந்தது 9×4 அங்குல உறை. அதாவது 229×102 மில்லிமீட்டர். கணினியில் தெரிவு செய்யப்பட்டிருந்ததோ ‘நம்பர் 10’ எனும் அமெரிக்க அளவு. அது 241×105 மில்லிமீட்டர். பட்டியலில் காணப்படும் ‘டிஎல்’ அளவும் 220×110 மில்லிமீட்டரே. நம் கடை உறை இவ்விரண்டிலும் அடங்காது.

ஆதலால் உறையை அளவுகோலால் அளந்து, அந்த எண்களைத் தனியளவாகக் கணினியில் பதிய வேண்டும். வேர்டில் ‘மெயிலிங்ஸ்’ பகுதியிலுள்ள ‘என்வலப்ஸ்’ அமைப்பில் இதைச் செய்யலாம். அதே அளவை அச்சுப்பொறியின் அமைப்பிலும் குறிக்க வேண்டும். இரண்டும் மாறுபட்டால் எழுத்து இடம் மாறும். சில பொறிகள் அச்சிடாமல் விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டு நிற்கும்.

முதலில் வெற்றுத்தாள்

உறையை எந்தப் பக்கமாக, எந்த முனையாக வைப்பது என்பது பொறிக்குப் பொறி வேறுபடும். உறையின் அளவுக்கு ஒரு தாளை வெட்டி, மேற்புறத்தில் பென்சிலால் அம்புக்குறி இட்டு அச்சிட்டுப் பாருங்கள். எழுத்து எந்தப் பக்கத்தில் விழுகிறது, தலைகீழாக வருகிறதா, ஓரம் வெட்டுப்படுகிறதா என்பன யாவும் ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான பொறிகளில் உறையின் குறுகிய முனையே முதலில் உள்ளே செல்ல வேண்டும். தாள்தட்டின் பக்கத் தடுப்புகள் உறையை ஒட்டி நிற்க வேண்டும், இறுக்கக் கூடாது.

சிக்கலும் சுருக்கமும்

உறை என்பது பல மடிப்புகள் கொண்ட தாள். உள்ளே காற்று தங்கியிருந்தால் சுருங்கும். அளவுகோலின் விளிம்பால் மடிப்புகளை அழுத்தித் தட்டையாக்கிய பின் ஒவ்வொன்றாக இடுங்கள். மும்பையின் ஈரக்காற்றில் உறைகள் வளையும். மூடியின் பசையும் ஒட்டிக்கொள்ளும். எனவே பொட்டலத்தைப் பிரித்த பின் மூடிய நெகிழிப் பையில் வைத்திருப்பது நலம்.

லேசர் பொறியில் தாள் வகையை ‘உறை’ என்று தெரிவு செய்யுங்கள். இல்லையேல் தூள் மை சரியாகப் படியாமல் விரலோடு வந்துவிடும். பின்மூடியைத் திறந்து வைக்க இயலுமாயின் உறை வளையாமல் நேராக வெளிவரும். நெகிழிச் சாளரம் கொண்ட உறையை லேசர் பொறியில் இடாதீர்கள். உள்ளிருக்கும் வெப்பத்தில் அது உருகிப் பொறியைப் பழுதாக்கக்கூடும். உறை சிக்கிக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்தி, பொறி ஆறிய பின், இரு கைகளாலும் மெல்ல இழுத்தெடுங்கள்.

இங்க்ஜெட் மைகளில் பல நீரில் கரைவன. அச்சிட்ட உறையைச் சில நிமிடங்கள் உலரவிட்டு, முகவரியின் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டினால் மழைத்துளியால் எழுத்து கலையாது.

ஒட்டுவதற்கு முன்

முகவரியை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆறு இலக்கங்களும் இருக்கின்றனவா என எண்ணுங்கள். கோவண்டியிலேயே சிவாஜி நகர்ப் பகுதிக்கு 400043, தேவனார்ப் பகுதிக்கு 400088. ஊர்ப்பெயர் ஒன்றாயினும் எண் வேறு. அனுப்புநர் முகவரியை இடப்புற மேல் மூலையில் இடத் தவறாதீர்கள். நம் வாடிக்கையாளரின் காசோலை தொலையாமல் திரும்பியது அந்த மூன்று வரிகளால்தான்.

இத்தனைக்குப் பின்னும் பொறி ஒத்துழைக்கவில்லையெனில், தெளிந்த கையெழுத்தில் எழுதிய முகவரி அச்சுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அவசரப் பணம் எனில் அஞ்சலை நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் சேவை எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆயினும் காசோலையே வேண்டும் என்போர் இன்றும் பலர். அவர்களுக்கு அனுப்பும்போது, காசோலையின் தொகையைச் சரிபார்க்கும் அதே கவனத்தோடு உறையின் முகவரியையும் சரிபார்க்க வேண்டுகிறோம்.