பாத் நகரத்துக்கு இரண்டாவது தடவை

அப்பா ஆற்காட்டில் 31 வருஷம் வரலாற்று வாத்தியாராக இருந்தவர். வருஷா வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாலாற்றங்கரை டில்லி கேட்டுக்கு நடத்திக் கூட்டிப்போய், 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையில் கிடந்த கதையை அந்த வாசலடியிலேயே நின்று சொல்வார். அவருக்கு 76 வயதில், இரண்டு முட்டியிலும் வலியோடு, இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது. என் மகன் ரெடிங்கில் வேலை பார்க்கிறான். அப்பா வாய்விட்டுக் கேட்டது ஒரே ஒரு ஊர்தான். பாத். ரோமானியர் கட்டின வெந்நீர்க் குளத்தைப் பார்க்க வேண்டும், கிளைவ் தன் கடைசி வருஷத்தில் குடியிருந்த வீட்டைப் பார்க்க வேண்டும். லண்டன் அரண்மனையைக்கூட அவர் கேட்கவில்லை.

அந்த ஒரு ஆசையை நாங்கள் எப்படிப் பாழாக்கினோம் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

லண்டனில் இருக்கும் என் கொழுந்தன், "எதுக்கு அண்ணி ரயிலு, ஓட்டலுன்னு அலையறீங்க? டூர் பஸ்ல ஏறினா விண்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத் மூணும் ஒரே நாள்ல முடிஞ்சிடும். ராத்திரி வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிடலாம்" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்த நாட்டில் இருப்பவர் சொல்கிறாரே என்று நம்பினோம். "துண்டு எடுத்துக்கங்க, மாமா அந்தக் குளத்துலயே ஒரு முழுக்குப் போட்டுட்டு வரட்டும்" என்றும் சொன்னார். அவர் பாத்துக்குப் போனதே இல்லை என்பது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ரோமானியக் குளத்தில் யாரும் இறங்க முடியாது, கையால் தொடக்கூடக் கூடாது. 1978-ல் அந்த ஊற்று நீர் பாய்ந்த நீச்சல் குளத்தில் குளித்த ஒரு சிறுமி, மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனாள். அதோடு அங்கே குளிப்பது நின்றது. குளிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 2006-ல் திறந்த தெர்மே பாத் ஸ்பா தனியாக இருக்கிறது.

நாலு பேருக்கு நானூறு பவுண்டுக்கு மேல் கட்டினோம். விடியற்காலை ஐந்து மணிக்கு ரெடிங்கிலிருந்து கிளம்பி, லண்டன் போய் பஸ் ஏறினோம். விண்ட்சர் கோட்டையில் இரண்டு மணி நேரம் போனது. ஸ்டோன்ஹெஞ்சில் நுழைவுக் கட்டடத்திலிருந்து கற்கள் நிற்கும் இடம் சுமார் இரண்டு கிலோமீட்டர். அதற்கு ஒரு சிறு பஸ், அந்த பஸ்ஸுக்கு ஒரு வரிசை. பாத்துக்கு வந்து சேர்ந்தபோது மாலை 4.10. "5.40-க்கு பஸ் எடுத்துடுவோம், யாருக்காகவும் நிற்க மாட்டோம்" என்று வழிகாட்டி மைக்கில் இரண்டு தடவை சொன்னார்.

மற்றவர்களுக்குப் பத்து நிமிஷ நடை, அப்பாவுக்கு இருபத்தைந்து நிமிஷம். வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, நாங்கள் கட்டின பணத்தில் குளியல் கூடத்தின் நுழைவு சேரவில்லை என்று. டிக்கெட்டுக்கு நேரம் குறித்துத் தருகிறார்கள். எங்களுக்குக் கிடைத்த அடுத்த நேரம் 5.15. உள்ளே போய் ஒழுங்காகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும் என்று கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். பஸ்ஸில் கேட்டதற்கு, நிபந்தனைத் தாளில் அச்சிட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அந்த டூர் கம்பெனிக்கு நான் எழுதின மூன்று கடிதத்துக்கும் அதே பதில்தான்.

அப்பா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லம்மா, வெளியிலேருந்து பார்த்தாச்சே" என்றார். வெளியிலிருந்து பார்க்க அங்கே எதுவுமே இல்லை. ரோமானியர் காலத்துத் தரை இன்றைய தெருவுக்குப் பல அடி கீழே கிடக்கிறது. தெருவில் நிற்பவருக்குப் பின்னாளில் கட்டின சுவர்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லண்டன் வரும்வரை அவர் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் மறுபடி கிளம்பினோம், ரயிலில், இரண்டு இரவு தங்குவதாக. "பார்த்த ஊருக்கே திரும்பவா? காசு என்ன மரத்துலயா காய்க்குது?" என்று கொழுந்தன் போனில் கேட்டார். நாங்கள் ஊர் திரும்பின பிறகும் சொந்தக்காரர்களிடம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதல் தடவை போனதுதான் வீண் பணம். இரண்டாவது பயணத்தில் ஒரு பைசாகூட வீணாகவில்லை.

ரயில் விஷயம் சுருக்கமாக. ரெடிங்கிலிருந்து பாத் ஸ்பா ஸ்டேஷன் சுமார் ஒரு மணி நேரம், லண்டன் பேடிங்டனிலிருந்து ஒன்றரை மணிக்குள். அறுபது தாண்டியவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு உண்டு, கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பிள்ளைகளிடம் சொல்லி முன்கூட்டியே டிக்கெட் போடச் சொல்லுங்கள். சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டமும் அதிகம், குளியல் கூடத்தின் கட்டணமும் கூடுதல். தங்கும் அறை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், ஏனென்றால் பாத் ஒரு கிண்ணம் மாதிரி. நடுவில் ஆறும் கோயிலும் குளமும், சுற்றிலும் மேடு. மேட்டில் அறை எடுத்தால் முட்டிவலிக்காரர்கள் ஒரு தடவை இறங்குவார்கள், மறுபடி ஏற மாட்டார்கள்.

குளியல் கூடத்துக்குக் காலை முதல் நேரத்தை மகன் ஆன்லைனில் எடுத்திருந்தான். லிஃப்ட் இருக்கிறது, காதில் வைத்துக் கேட்கும் ஆடியோ விளக்கமும் டிக்கெட்டிலேயே சேர்ந்தது. குளிர்ந்த காலையில் பெரிய குளத்தின் மேல் ஆவி ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் நம் ஊர்க் கோயில் குளத்துப் பச்சை. ரோமானியர் காலத்தில் மேலே கூரை இருந்ததாம். இப்போது வெயில் நேராக விழுவதால் பாசி பிடிக்கிறது. மேல்மாடத்தில் வரிசையாக நிற்கும் ரோமானியத் தலைவர்களின் சிலைகளைத்தான் எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அவை 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தவை. ரோமானியர் விட்டுப்போனது கீழே இருக்கிறது: தூண்களின் அடிப்பாகம், தேய்ந்த கல் படிகள், குளத்தின் அடியில் பரப்பின ஈயத் தகடுகள். அந்தத் தகடுகள் இன்றைக்கும் தண்ணீரைத் தாங்கி நிற்கின்றன. 46 டிகிரி சூட்டில் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல் ஊறிக்கொண்டே இருக்கிறது. மெண்டிப் குன்றுகளில் எந்தக் காலத்திலோ பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கி, சூடேறி, பாறைப் பிளவு வழியாக மேலே வருகிறது என்கிறார்கள். ஊற்று நீர் வழிந்தோடும் ரோமானியர் வாய்க்கால் ஓரத்தில் இரும்புக்கறை செம்மண் நிறத்தில் படிந்திருக்கிறது. அப்பா அதன் பக்கத்திலேயே பத்து நிமிஷம் நின்றார்.

எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போகும் ஓர் இடத்தில் நீங்கள் நிற்க வேண்டும். சாபத் தகடுகள். ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 எடுத்திருக்கிறார்கள். உள்ளங்கையளவு ஈயத் தகட்டில் எழுத்தாணி போன்ற ஒன்றால் கீறி, மடித்து, சூலிஸ் மினர்வா என்கிற தேவதைக்கென்று தண்ணீரில் போட்டிருக்கிறார்கள். குளிக்க வந்த இடத்தில் துணி திருடு போயிற்று, மேலங்கி திருடு போயிற்று, எடுத்தவனை நீ தண்டி என்று முறையீடு. டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைப் பறிகொடுத்துவிட்டு, திருடினவனுக்குப் புத்தியும் கண்ணும் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சிலதில் எழுத்துகளைத் தலைகீழாக, பின்னாலிருந்து முன்னால் எழுதியிருக்கிறார்கள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகா அரைச்சுப் பூசுறாங்களே, அதேதாம்மா இது" என்றார். திருட்டுக் கொடுத்தவர்கள் அங்கே போய்க் கல்லில் மிளகாய் அரைப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கோபம் எனக்குச் சட்டென்று விளங்கியது. அந்த ஒரு அலமாரிக்கு மட்டும் நாங்கள் முக்கால் மணி நேரம் செலவழித்தோம். டூர் பஸ்ஸில் வந்தவர்களுக்கு மொத்த ஊருக்கும் கிடைப்பது அதைப்போல் இரண்டு மடங்கு நேரம்தான்.

வெளியே வரும்போது ஊற்று நீரை ஒரு குவளை குடிக்கலாம். இது சுத்தப்படுத்திய தனிக் குழாயில் வருவது, பயம் வேண்டாம். வெதுவெதுப்பாக, இரும்பு வாசனையோடு இருக்கும். நான் ஒரு வாய் குடித்து வைத்துவிட்டேன். அப்பா முழுக் குவளையும் குடித்தார்.

பக்கத்திலேயே பாத் அபே தேவாலயம். முகப்பில் ஏணி வைத்துத் தேவதூதர்கள் ஏறி இறங்குகிறார்கள், பார்க்காமல் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். 973-ல் எட்கர் அரசருக்கு இந்த இடத்தில்தான் முடிசூட்டினார்கள். உள்ளே சுவர் முழுக்க நினைவுக் கற்கள், அறுநூறுக்கு மேல். வெந்நீரில் உடம்பு தேற வந்து இங்கேயே இறந்துபோனவர்கள் பலர். வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை தாங்கின அலெக்சாண்டர் சாம்பியனுக்கும் ஒரு கல் இருக்கிறது. நம் மண்ணில் சேர்த்த செல்வத்தோடு திரும்பி வந்தவர்கள் இந்த ஊரில் வந்து உட்கார்ந்த கதையைச் சுவரே சொல்கிறது. பஸ்ஸில் வந்த வழிகாட்டி கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாம் நாள் மழை. மழை பெய்தால் அறையில் அடைந்து கிடக்காதீர்கள், ரயில் ஏறி பிராட்ஃபோர்ட் ஆன் ஏவன் போங்கள். கால் மணி நேரம்தான். ஸ்டேஷனிலிருந்து சமதரையில் நடந்தால் 14-ம் நூற்றாண்டுக் களஞ்சியம் ஒன்று வருகிறது. மடத்துக்குச் சேர வேண்டிய விளைச்சலைச் சேர்த்து வைத்த இடம். கல் ஓடு வேய்ந்த அந்தப் பிரம்மாண்டக் கூரையை உள்ளிருந்து மர உத்திரங்கள் தாங்குகின்றன. பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயில் நெற்களஞ்சியத்தைப் பார்த்தவர்களுக்கு இது சொந்தக்கார வீடு மாதிரி இருக்கும். நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தை ஆற்றோரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டோம். காசல் கூம், லேகாக் என்று அழகான கிராமங்கள் இருக்கின்றன, போகாமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை. கார் இல்லாதவர்கள் காசல் கூமுக்கு பஸ்ஸை நம்பிப் போனால் நாள் போய்விடும். வயதானவர்களோடு வந்தால் ஒரு நாளைக்கு ஓர் இடம், அதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாம் நாள் காலையில் வானம் வெளுத்தது. சர்க்கஸ் என்கிற வட்டக் கட்டட வரிசைக்குப் போனோம். கீழேயிருந்து கே தெரு வழியாக ஏறச் சொல்வார்கள். ஏறாதீர்கள், செங்குத்து. டாக்சி வைத்து மேலே போய் இறங்கி, பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே நடந்து வாருங்கள். முதலில் ராயல் கிரெசென்ட், பிறை வடிவில் 30 வீடுகள், முன்னால் பெரிய புல்வெளி. கட்டடக் கலைஞர் ஜான் வுட்டின் மகன் கட்டியது அது. அப்பன் வுட் திட்டமிட்டது சர்க்கஸ். 1754-ல் தொடங்கினார், அந்த வருஷமே இறந்துபோனார், மகன் முடித்தார். அப்பன் ஸ்டோன்ஹெஞ்சை அளந்து வரைந்தவர். கல் வட்டம் அவர் மனசைப் பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பாருங்கள், கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாகக் கல்லில் செய்த ஓக் விதைகள். மூன்று மாடிக்கும் மூன்று விதத் தூண்கள், கீழ் வரிசைத் தூண்களுக்கு மேலே பாம்பு, மரம், கருவிகள் என்று நூற்றுக்கணக்கான சிறு சிற்பங்கள். எல்லாமே இந்த ஊர் மலையில் வெட்டின தேன் நிறக் கல்.

பதினாலாம் எண் வீட்டில் கிளைவ் பெயர் போட்ட பலகை இருக்கிறது. 1774-ல் இங்கே இருந்தார், அந்த வருஷம் நவம்பரில் லண்டனில் செத்துப்போனார். கருஞ்சாம்பல் பலகை, சாதாரணக் கதவு. அப்பா அந்தக் கதவுக்கு எதிரே, நடுவில் நிற்கும் பெரிய மரங்களின் அடியில் போய் நின்றுகொண்டார். டில்லி கேட்டடியில் பிள்ளைகளுக்குச் சொல்வாரே, அதே குரலில் என் மகனுக்கு முற்றுகைக் கதையை ஆரம்பித்தார். அவன் சின்ன வயசில் பத்துத் தடவை கேட்டதுதான், இருந்தாலும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேட்டான். அரை மணி நேரம் ஆயிற்று. எங்களுக்கு பஸ் எதுவும் காத்திருக்கவில்லை.

அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், படியேறி நின்று போட்டோ எடுக்காதீர்கள். மரத்தடியில் இருந்தே எடுங்கள், கதவும் பலகையும் நன்றாக விழும். எங்களிடம் இருப்பது அப்பா கதவைப் பார்த்தபடி, முதுகு காட்டி நிற்கும் படம்தான். திரும்பச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.